கல்லில் அரிவாள் உரசும் சத்தம்

பேத்தி செல்போனில் பழிவாங்குகிற படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் அரிவாள் தீட்டுகிற சத்தம் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தேன்.

"பதினாலு வயசுப் பிள்ள இதப் பாக்கலாமாம்மா?" என்றாள் மகள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஆனாலும் எதற்கும் என்னைத்தான் கேட்பாள்.

நான் சிறுமியாக இருந்தபோது தேவதானம் என்ற ஊரில் இருந்தோம். வாய்க்கால் தகராறில் சித்தப்பாவை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். பழி தீருகிற வரை துவைக்கக் கூடாதென்று, ரத்தம் காய்ந்த அவர் சட்டையை அய்யா விட்டத்தில் தொங்கவிட்டார். தினமும் விடிந்ததும் அரிவாள் தீட்டுவார். கல்லில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. எனக்குப் பதிமூன்று வயது. பயத்தில் கையிலிருக்கும் செம்பு ஆடும்.

ஒரு நாள், "இன்னைக்கு முடிச்சிருதேன்" என்றார் அய்யா. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, நீயுமா?" என்றவள், சட்டையை இறக்கிக் கிணற்றடியில் போட்டுத் துவைத்தாள். "பச்சப்பிள்ள சிரிக்கா. இன்னும் யாரக் கெடுக்கணும் ஒங்களுக்கு?" என்றாள். அய்யா அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் பயம்.

"படம் ஓடட்டும். வெட்டுத நேரம் ஒம் மக மூஞ்சியப் பாரு" என்றேன் மகளிடம்.

சொல்லிவிட்டு, நான் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.