அம்மா ஏன் பதில் சொல்லவில்லை

உப்புத் தண்ணீரில் ஊறிய சேறு வெயில் ஏற ஏற ஒரு வாடை விடும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அம்மா என்றால் அந்த வாடைதான்...

நண்பர்களே, அவசரமாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை இன்றே எழுதியாக வேண்டும்!

எனக்கு நான்கு வயதில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். புகைப்படம் கிடையாது. மிச்சம் ஒரே ஒரு காட்சி. இடுப்பளவு தண்ணீரில் அம்மா. கரையிலிருந்து "அம்மா... அம்மா..." என்று கத்துகிறேன். திரும்பிப் பார்க்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் மறுபடியும் குனிந்துகொள்கிறாள்.

அவ்வளவுதான்.

என் மேல் ஏதோ கோபம், அந்தக் கோபத்தோடேயே போய்விட்டாள் என்றுதான் இந்த அறுபத்தெட்டு வயது வரை நம்பியிருந்தேன்.

அப்பா என்னைத் திருவள்ளூருக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. எதையும் மூன்று முறை அளந்த பிறகே கையெழுத்துப் போடுவேன். இதை மட்டும் யாரிடமும் கேட்கத் துணிச்சல் வரவில்லை. "ஆமா, கோவம்தான்" என்று சொல்லிவிட்டால்?

இன்று காலை பெரியம்மா மகளான அக்கா வீட்டுக் காதுகுத்துக்காகக் கரைக்குப் போனேன். ஏரியில் ஒரு பெண் இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். இறால் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கவ்வியிருந்தாள். யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினாள். பேசவில்லை.

அதே காட்சி! பக்கத்தில் நின்ற அக்காவின் கையைப் பிடித்துக் கேட்டே விட்டேன். "எங்கம்மாவும் இப்படித்தான் பிடிச்சாங்களாக்கா?"

"இன்னாடா தம்பி, இப்ப வந்து கேக்குற? சித்தி கூடைய கடிச்சிக்கினு எறங்கிச்சின்னா யார் கூப்ட்டாலும் வாயே தொறக்காது. தொறந்தா அம்மாம் எறாவும் தண்ணிக்குள்ள போயிடும்ல! நீ வேற கரையில குந்திக்கினு அம்மா அம்மான்னு ஒரே பேஜாரு..."

"அப்புறம்?"

"அப்பால இன்னா? கரையேறி கூடைய கீழ வெச்சிட்டு, நீ எத்தினி வாட்டி கூப்ட்டியோ அத்தினி வாட்டி இன்னாடா, இன்னாடா, இன்னாடான்னு சொல்லிக்கினே உன்ன தூக்கும். நீ சிரிச்சிக்கினே கெடப்ப."

பதில் சொல்லியிருக்கிறாள்! எனக்குத்தான் கூடையும் நினைவில்லை, கரையேறியதும் நினைவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வழக்கம்போல் சந்தேகம். அக்காவுக்கு எழுபத்தைந்து வயது. என் ஆறுதலுக்காகச் சொல்லியிருப்பாளோ? வேப்பம்பட்டு வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, மஞ்சள் பையைப் பல்லால் கவ்விக்கொண்டு "என்னடா" சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் "ம்ம்" தான் வந்தது.

மூன்றாவது முறை முடித்த கையோடு புதுவாயலிலிருந்து பேத்தி வீடியோ கால். பையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே பட்டனை அழுத்திவிட்டேன்.

"தாத்தா... தாத்தா... தாத்தா! இன்னா, எம்மேல கோவமா?"

அன்று கரையில் நின்று கூப்பிட்டவனுக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை.

பையைக் கீழே வைத்தேன். மூன்று முறை கூப்பிட்டிருந்தாள்.

"இன்னாடா... இன்னாடா... இன்னாடா..."