சபர்பெக் வாய் மூடின நாற்பது நாள்

என் தம்பி சபர்பெக் எங்க மலையூர் நாரின்லேருந்து தலைநகரம் பிஷ்கேக்குக்கு வேன் ஓட்டுறவன். ஆறு மணி நேரப் பயணம், ஆறு மணி நேரமும் பேசுவான். கணவாயில விழுந்த பனி, மாமனார் வீட்டுக் குதிரைக்கு வந்த வயித்துவலி, ஒண்ணையும் விட மாட்டான். வண்டியில அத்தனை பேரும் தூங்கி விழுந்தாலும் கண்ணாடியப் பாத்துப் பேசிக்கிட்டே போவான். "அண்ணே, இன்னொரு டிக்கெட் காசு தரேன், கொஞ்சம் வாயை மூடுறீங்களா?"ன்னு ஒரு காலேஜ் பொண்ணு கேட்டுச்சாம். அடுத்த பயணத்துல அதையும் கதையாச் சொல்லிட்டான்.

அவன் மக ஐபெரிக்கு ரெண்டரை வயசு. ஒரு வார்த்தை பேசல. கூப்பிட்டாத் திரும்பாது. பிடிவாதம்னு சொல்லிட்டோம். "அப்பன்காரன் எல்லாத்தையும் பேசித் தீத்துட்டான், பிள்ளைக்கு மிச்சம் வைக்கல"ன்னு முதல்ல கேலி பண்ணதே நான்தான். அவன் பொண்டாட்டி ஜானில் ரெண்டு தடவ என்கிட்ட வந்தா. "அண்ணி, கதவு டமார்னு சாத்தினாக்கூட இவ தூக்கம் கலையல."

"கொடுத்து வச்சவடி நீ. என் பிள்ளைங்க பூனை நடந்தாலே எழுந்து உக்காந்துக்கும்"னேன். என் வாயில மண்ணைத்தான் போடணும்.

செப்டம்பர்லதான் பிஷ்கேக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பிள்ளையத் தூங்க வச்சு, தலையில ஒயர் ஒட்டிப் பாத்துட்டு, ரெண்டு காதும் கிட்டத்தட்ட கேக்கலன்னுட்டாங்க. கருவி மாட்டினா கொஞ்சம் விழும். ஆனா முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அது காதுல இருக்கணும், பக்கத்துல உக்காந்து முகத்தப் பாத்துப் பேசிக்கிட்டே இருக்கணும், பேச்சு பழகுற வயசு இதுதான், விட்டாத் திரும்ப வராதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க.

பேசுறதுதான் மருந்துன்னா எங்க சபர்பெக்கை விட்டா ஆள் ஏதுன்னு நினைச்சேன். ஆனா அன்னையிலேருந்து அவன் வாயைத் திறக்கல. வண்டி ஓட்டுவான், வருவான், சாப்பிடுவான், சுவத்தப் பாத்து உக்காருவான். கருவி வந்து நாற்பது நாளாச்சு. பாதி நேரம் அது டப்பாவுலதான் கிடந்துச்சு. வெளியில போனா ஜானில் கழட்டிடுவா, ஏன்னா அவன் உத்தரவு அப்படி.

"யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. நாளைக்குப் பொண்ணுக்கு வரன் வரணும்."

"ரெண்டரை வயசுக்கு வரனாடா? மாப்பிள்ளை பால் பாட்டிலோட வருவானா?"

சிரிக்கல, கோபப்படவும் இல்ல. கோபப்பட்டிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். ஜானில்கிட்ட கேட்டேன், நீயாவது அழுதியாடின்னு.

"வரல அண்ணி. பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்கல்ல, உடம்பு மொத்தமும் அப்படி இருக்கு"ன்னா. சொல்லிட்டு மாவு பிசையப் போயிட்டா.

அக்டோபர் கடைசியில என் புது வீட்டுக்கு விருந்து வச்சேன். ஆடு அடிச்சோம். எங்க ஒஸ்மோன் பெரியப்பாதான் சபைக்குப் பெரியவர், அவர் முன்னாடி ஆட்டுத்தலை வச்சோம். தலையை வெட்டுறவர் காதை அறுத்து ஒரு சின்னப் பிள்ளைகிட்ட கொடுக்கிறது எங்க வழக்கம். பெரியவங்க சொல்றதக் கேட்டு நடக்கணும்னு அர்த்தம். பெரியப்பா காதை அறுத்தார், சுத்திப் பாத்தார், கையை நேரா ஐபெரிகிட்ட நீட்டினார்.

"இந்தா, சொல்பேச்சு கேக்காத கழுதைக்கு! வருஷத்துக்கு ஒண்ணு பத்தாது போல, வசந்தத்துல கொடுத்தது வேலை செய்யலையே!"

எல்லாரும் சிரிச்சாங்க. ஐபெரி ரெண்டு கையாலயும் வாங்கி, சந்தோஷமா மென்னுச்சு. சபர்பெக் அதையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் மெதுவா, "நன்றி பெரியப்பா"ன்னான்.

அந்த நன்றியத்தான் எனக்குப் பொறுக்க முடியல. "அவளுக்குக் காது கேக்காது!"ன்னு கத்திட்டேன். "ரெண்டு காதும் கேக்காது! இன்னும் எத்தனை ஆட்டை அறுத்துக் கொடுக்கப் போறீங்க?"

பெரியப்பா கையில கத்தி அப்படியே நின்னுச்சு. ஜானில் டீக்கெண்டியக் கீழ வச்சா. பாவாடைப் பையிலேருந்து டப்பாவ எடுத்தா, மகளை மடியில இழுத்து, அத்தனை பேர் முன்னாடியும் ரெண்டு காதுலயும் கருவிய மாட்டினா. மாட்டி முடிச்சதும் சபர்பெக் எழுந்து வந்து பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டான்.

வேனுக்குள்ள உக்காந்திருந்தான், பிள்ளை மடியில. நான் போய்க் கதவத் திறந்தேன்.

"கத்திட்டேன்டா. தப்புதான். ஆனா எத்தனை நாள்டா இப்படியே இருப்ப? டாக்டரம்மா சொன்னது உனக்கு மறந்துபோச்சா?"

பிள்ளை தலையத் தடவிக்கிட்டே இருந்தான். அப்புறம்தான் சொன்னான்: "இவ பொறந்ததுலேருந்து நான் எவ்வளவு பேசியிருக்கேன் தெரியுமாக்கா? தூக்கி வச்சுக்கிட்டு, குளிப்பாட்டிக்கிட்டு, தூங்க வச்சுக்கிட்டு. ரெண்டரை வருஷம். அதுல ஒண்ணுகூட இவளுக்குப் போய்ச் சேரல. இப்ப வாயைத் திறந்தா அந்த நெனப்புதான் வருது, பேச்சு வரமாட்டேங்குது."

எனக்கும் அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

ஐபெரி ஒரு பக்கத்துக் கருவியப் பிடுங்கி எடுத்துச்சு. கைக்குள்ள அது கீச்சுன்னு கத்துச்சு. அதைக் கொண்டுபோய் அப்பன் காதுல திணிக்கப் பாத்துச்சு, ஒரு விரலால அழுத்தி அழுத்தி. அவன் தலையச் சாய்ச்சுக் காட்டினான். அவ திணிச்சு முடிக்கிற வரைக்கும் அசையல. அப்புறம் அதைத் துடைச்சு, அவ காதுல திரும்ப மாட்டிவிட்டான்.

"ஐபெரி"ன்னான். குரல் கரகரன்னு வந்துச்சு.

அவ ஸ்டீரிங்கத் தட்டிக்கிட்டு இருந்தா.

"ஐபெரி." இன்னும் கிட்டக்கப் போய்க் கொஞ்சம் சத்தமா.

இப்ப ஒரு நொடி அவ கை நின்னுச்சு. ஆனா திரும்பல. எத்தனை தடவ கூப்பிட்டான்னு எனக்குத் தெரியாது. பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த எனக்கு அப்பத்தான் உறைச்சுது: அந்தச் சத்தம் தன்னோட பேருன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? தனக்குப் பேருன்னு ஒண்ணு இருக்கிறதே அவளுக்குத் தெரியாதே.

அவனுக்கும் உறைச்சிருக்கணும். அவளத் தன் பக்கம் திருப்பி உக்கார வச்சான். அவ கையையே எடுத்து அவ நெஞ்சு மேல வச்சான்.

"நீ ஐபெரி. நீதான்டா."