வலது இடுப்பில் ஒரு தேய்மானம்

கத்திரி என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பேர் இல்லை. நாடக அரங்கத்தின் பின்பக்கத் தையல்கூடத்தில் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். துணி வெட்டுவதில் கை அவ்வளவு சுத்தம் என்று முதல் மாதமே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. நாக்கைப் பார்த்து வைத்த பேர் என்று சொல்கிறவர்களும் உண்டு, அதிலும் பொய் இல்லை. அவள் வெட்டியதைத் தைத்தவள் எதிர் நாற்காலிக்காரி. வெட்டுகிறவள் கத்திரி என்றால் தைக்கிறவள் வேறென்ன, ஊசி. இருபத்திரண்டு வருடம் இருவருக்கும் ஒரே மேசை, தலைக்கு மேலே ஒரே குழல்விளக்கு. பிரசவம், பல்வலி, மாமியார் சண்டை எல்லாவற்றையும் அந்த மேசையில்தான் பேசித் தீர்த்தார்கள்.

பிறகு அந்தத் தொலைக்காட்சித் தொடர் வந்தது. பறக்கிற மிருகங்கள், பனிக்கோட்டை, மூன்று ராணிகள், தலைமுறைப் பகை. கதையில் யார் செத்தாலும் பிழைத்தாலும் ஆளுக்கொரு நீள மேலங்கி தரையைப் பெருக்கிக்கொண்டு போகும். பணத்தைத் தண்ணீராக இறைக்கிற கம்பெனி. உடைகளுக்குப் பொறுப்பாளர் தேடி வந்தவர்கள் முதலில் கேட்டது கத்திரியைத்தான். அவள் சிரித்தாள்.

"இந்த டிவிக்காரங்களுக்கு நாலு மாசம்தான் ஆசை. அப்புறம் தொடரை நிறுத்திட்டு நம்மள நடுத்தெருவுல விட்டுடுவாங்க. ஏன்டி ஊசி, உனக்கு வேணும்னா நீ போயேன்."

வேடிக்கைக்குச் சொன்னாள். ஊசி அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொடர் நிற்கவில்லை. மூன்றாவது வருடமும் சக்கைப்போடு போட்டது. ஊசிக்குக் கீழே நாற்பது பேர், சாயம் போட ஒரு கூடம், தோல் வேலைக்கு ஒரு கூடம். கழுத்தில் அளவு டேப்போடு ஊசி நிற்கிற படம் பத்திரிகையில் வந்தது. கத்திரிக்கு வயிறு எரிந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல நான் யார், அவளே மெழுகவில்லை. வெளியார் யாரோ தட்டிப் பறித்திருந்தால் ஊரைக் கூட்டித் திட்டித் தீர்த்திருக்கலாம். தன் வாயால் தூக்கிக் கொடுத்துவிட்டு யாரைத் திட்டுவது? ஊசி போன் செய்தால் "கொஞ்சம் வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. அந்தத் தொடரின் விளம்பரப் பலகை இருக்கிறதென்று பஸ் நிறுத்தத்தையே மாற்றிக்கொண்டாள். வீட்டில் அதன் பேச்சே எழக்கூடாது. கணவர் பல் வைத்தியருக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிறவர், சுபாவத்திலேயே வாயை அளந்து திறப்பவர் என்பதால் அது பெரிய சிரமமாக இல்லை.

இப்படி இருக்கையில்தான் உடைக்கலைஞர் சங்கம் அந்த வருட விருதுக்கு அவளை நடுவராகப் போட்டது. போட்டியில் இருக்கிறவரோடு கடைசி மூன்று வருடத்தில் சேர்ந்து வேலை செய்திருந்தால் நடுவராக முடியாது என்று ஒரு விதி உண்டு. ஊசி மேசையை விட்டுப் போய் மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. கத்திரி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதக் கடிதம் எழுதினாள். ஊசிக்கு நாற்பது ஆள் இருக்கலாம், பத்திரிகையில் படம் வரலாம். நடுவர் நாற்காலி அவளுக்குக் கிடைத்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் கத்திரி ஒரு படி மேலே இருந்தாள். அந்தப் படியில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ள ஆசைப்பட்டாள்.

போட்டியில் ஐந்து தொடர்கள். ஒவ்வொன்றிலும் எட்டு பகுதிகளை நடுவர்கள் வீட்டிலேயே பார்க்க வேண்டும். பார்த்தேன் என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் ஒரு நாள் சங்கக் கூடத்தில் உடைகளைப் பொம்மைகளுக்குப் போட்டு நிறுத்துவார்கள். அங்கே கையுறை மாட்டிக்கொண்டு, லைனிங்கைத் தூக்கி, தையலைத் தடவிப் பார்த்து மார்க் போட வேண்டும். கத்திரி நான்கு தொடர்களைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஐந்தாவதைப் போட்டாள். எழுத்து ஓடும்போது 'உடைகள்' என்று வந்து, அடுத்து ஊசியின் பேர் திரை முழுக்க நின்றது. டிவியை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். இரண்டு தரம் முயற்சி செய்தாள், இரண்டு தரமும் பாத்திரம்தான் பளபளத்தது. கடைசியில் படிவத்தில், 'ஐந்தும் பார்த்தேன்' என்ற இடத்தில் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டாள். துணியைத் தொட்டுப் பார்த்தால் தெரியாதா, டிவியில் என்னத்தைப் பார்க்கக் கிடக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சங்கக் கூடத்தில் மற்ற நடுவர்கள் மூன்று பேர் ஊசியின் ராணி கவுன் முன்னாலேயே நின்றுவிட்டார்கள். வெள்ளிக் கம்பி வேலை, மீன்செதில் போல் அடுக்கடுக்காய்ப் பட்டு. நாடகத்துக்கு நகை செய்கிற நகைக்காரர் வாய் பிளந்து நின்றார். கத்திரியும் பார்த்தாள். அப்பழுக்கு இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. தெரிந்ததும் அதை விட்டு விலகி, ஓரத்தில் நின்ற தளபதியின் மேலங்கிக்கு வந்தாள். குற்றம் கண்டுபிடிக்கிறவர்களுக்குக் கவுனில் வேலை இல்லை, கந்தலில்தான் வேலை.

புதுத் துணியைப் பல வருடம் போட்டு அலைந்த துணியாக மாற்றுவது ஒரு தனி வேலை. உப்புத்தாள், கம்பிப் பிரஷ், தேயிலைத் தண்ணீர் எல்லாம் வேண்டும். தோள்பை உரசுகிற இடம், குனிந்தால் மடிகிற இடம், வாளுறை இடிக்கிற இடம் என்று உடம்பு எங்கே தேய்க்குமோ அங்கே மட்டும் தேய்க்க வேண்டும். தளபதி வாளை இடது இடுப்பில் கட்டுகிறவன் என்பது விளம்பரப் பலகையைப் பார்த்தவர்களுக்கே தெரியும். இடது இடுப்பில் ஒரு பழைய தேய்மானம் இருந்தது, அதன் மேல் ஒட்டுத் துணி வைத்துத் தைத்திருந்தது. ஆனால் வலது இடுப்பிலும் தேய்மானம் இருந்தது. புதுசாக, பச்சையாக, நூல் தெரிகிற அளவுக்கு.

கத்திரிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. மகள் பரீட்சையில் தேறியபோது கூட இப்படிக் குளிர்ந்ததில்லை.

"இங்க வாங்க எல்லாரும்" என்றாள். "வாள் இடது பக்கம். வலது பக்கம் எதுக்குத் தேயுது? துணியை மேசையில கவுத்துப் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. கவுத்துப் போட்டா இடம் வலமாயிடும். தப்பு தெரிஞ்சதும் என்ன செய்யறதுன்னு தெரியாம ஒட்டுப் போட்டுக் குழப்பியிருக்காங்க. நாற்பது பேர் வச்சு வேலை வாங்கினா இப்படித்தான்."

நகைக்காரர் தலையைச் சொறிந்தார். "நடுவுல அவனுக்குக் கையில ஏதோ அடிபடுது இல்லக்கா?"

"கையில அடிபட்டா கையில கட்டுப் போடுவாங்க. இடுப்பு எதுக்குத் தேயணும்?"

அவள் சொன்ன வேகத்தில் நகைக்காரருக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மற்ற இருவரும் குனிந்து பார்த்து, கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தால் அப்படித்தான் ஆகும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று மார்க் குறைந்தது. கத்திரி தன் குறிப்புத்தாளில் அரைப் பக்கத்துக்கு எழுதி, 'அடிப்படைக் கவனமின்மை' என்பதற்குக் கீழே கோடும் இழுத்தாள். கூட்டிப் பார்த்தபோது ஒரு கப்பல் கதைத் தொடர் இரண்டு மார்க் வித்தியாசத்தில் முந்தியிருந்தது. ஐந்தாவது நடுவரான தலைவி, வாழ்நாளெல்லாம் நாடகத்துக்கு டோப்பா பின்னியவர் என்பதால் டோப்பாம்மா என்று பேர் பெற்றவர், தாள்களை அடுக்கி மேசை டிராயரில் வைத்தார். மறுநாள் பதினோரு மணிக்கு உறையில் போட்டு முத்திரை வைப்பதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் கத்திரி வீட்டில் பாட்டுப் பாடாத குறை. சாப்பாட்டு மேசையில் கணவரிடம் நடந்ததை ஒன்று விடாமல் நடித்தே காட்டினாள். மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்தத் தொடரின் பேரை அவளே எடுத்ததில் அவருக்கு வியப்பு. ஆனால் கேட்கக் கேட்க அவர் மெல்லுவது நின்றது.

"வலது இடுப்பா?" என்றார்.

"ஆமா. ஏன்?"

"இல்ல... இந்த வருசம் மூணாவது பகுதியில அவனுக்கு வலது கையில நாலு விரலையும் வெட்டிடறாங்களே. அப்புறம் இடது கையாலதான சண்டை போடறான். வாளையும் வலது பக்கம் மாத்திக் கட்டிக்குவான். பழைய ஓட்டைக்கு அவன் தங்கச்சி ஒட்டுத் துணி வச்சுத் தைச்சுக் குடுப்பா. அந்த இடத்துல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கடையில எல்லாரும் பார்க்கறாங்க. நானும் காதுல மாட்டிக்கிட்டு... மூணு வருசமா பார்க்கறேன்."

வேறு நாளாக இருந்தால் அந்த மூன்று வருடத்துக்கு அவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். கத்திரி கையைக் கழுவிக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்தாள். மூன்றாவது பகுதி, நான்காவது பகுதி. கணவர் சொன்னதில் ஒரு எழுத்து மாறவில்லை. விரல் போனது, வாள் பக்கம் மாறியது, தங்கை ஒட்டுத் துணி வைத்தாள். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு காட்சியிலும் வலது இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. அதற்கென்று நாலைந்து மேலங்கிகளாவது செய்திருக்க வேண்டும். கத்திரி அந்த வேலையில் இருந்திருந்தால் இதையேதான் செய்திருப்பாள். ஆனால் செய்தவள் ஊசி.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். பதினோரு மணிக்கு முத்திரை விழுந்துவிடும், பிறகு யார் கேட்கப் போகிறார்கள்? அந்த யோசனை அவளுக்கு வராமல் இல்லை. வந்தது, பக்கத்தில் உட்கார்ந்தது, விடியும் வரை அவளோடு பேசிக்கொண்டும் இருந்தது. காலையில் அவள் சங்கத்துக்குக் கிளம்பினாள். நியாய உணர்வு தட்டி எழுப்பியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடுவர்களின் குறிப்புத்தாள்களை, பேரை மட்டும் கிழித்துவிட்டு, போட்டியாளர்களுக்கு அனுப்புவது சங்கத்து வழக்கம். ஊசி அதைப் படிப்பாள். தேய்மானம் பார்க்கத் தெரியாத ஒரு முட்டாள் நடுவர் நாற்காலியில் இருந்ததாகச் சிரிப்பாள். பொறாமைக்காரி என்று பேர் எடுக்கக் கத்திரிக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. கண் தெரியாதவள் என்று எடுக்க முடியாது.

டோப்பாம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "படத்தைப் பார்க்காமயே பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டியா?"

"ஆமாம்மா."

"நேரம் இல்லையா?"

"இருந்துச்சு. மனசு இடம் குடுக்கல. அவ பேரைப் பார்த்தாலே எரியுது."

டோப்பாம்மா டிராயரைத் திறந்து அவள் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். அப்புறம் விதிப் புத்தகத்தைப் பார்க்காமலே விதியைச் சொன்னார். அவள் மார்க் செல்லாது. நடுவர் பட்டியலிலிருந்து பேர் போய்விடும். இனி ஐந்து வருடத்துக்கு அந்த நாற்காலியை நினைக்க வேண்டாம். மற்ற மூன்று பேருக்கும் அவரே போன் செய்து விஷயத்தைச் சொல்லி மறுபடி மார்க் வாங்கினார். கத்திரி எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு போனையும் கேட்டாள். நகைக்காரர் மட்டும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்றது வெளியே வரைக்கும் கேட்டது. ஊசியின் தொடர் ஐந்து மார்க் வித்தியாசத்தில் முதலாவதாக வந்தது.

விருது அறிவித்து நாலு நாள் கழித்து ஊசி போன் செய்தாள். கத்திரி எடுக்காமல் விட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"குறிப்புத்தாள் எல்லாம் வந்துச்சுடி" என்றாள் ஊசி. "நாலு செல்லும், ஒண்ணு செல்லாதுன்னு கோடு போட்டு வச்சிருக்காங்க. அந்தக் கோடு போட்டதுல பேரு இல்ல. இருபத்திரண்டு வருசம் படிச்ச கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

கத்திரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாழ்க்கையில் அது நடந்தது அந்த ஒரு தடவைதான். அப்புறம் சொன்னாள். "பொறாமைடி. நான் படமே பார்க்கல. பார்க்காமயே எழுதினேன்."

திட்டு வரும் என்று காத்திருந்தாள். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்தது நிறைய இருந்தது.

"தெரியும். டோப்பாம்மாகிட்ட கேட்டேன், சொன்னாங்க" என்றாள் ஊசி. "ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? மத்த நாலு தாள்லயும் ராணி கவுன், ராணி கவுன், அற்புதம், பிரமாதம். அவ்வளவுதான். அந்த மேலங்கிக்கு நான் மூணு மாசம் மாரடிச்சேன். அதை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கல. அரைப் பக்கம் எழுதினது நீ ஒருத்திதான். தப்பாத்தான் எழுதின. ஆனா பார்த்திருக்க. படிச்சுட்டு அழுதுட்டேன்டி."

"சரி, அடுப்புல வேலை இருக்கு" என்றாள் கத்திரி. அடுப்பில் ஒன்றும் இல்லை. "அப்புறம் நானே கூப்பிடறேன்" என்று சொல்லி போனை வைத்தாள்.

வைத்த பிறகும் நகராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஊசி கோபப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வேலை அவளுக்குப் போனது, பேர் அவளுக்குப் போனது, விருதும் அவளுக்கே போனது. கடைசியில் இந்தப் பெரிய மனசும் அவளுக்கே வாய்த்துவிட்டதே என்று நினைத்தபோது, கத்திரிக்குப் பழையபடி வயிறு எரிய ஆரம்பித்தது.