பராக்குக்காரியும் பட்டினி கிடந்த மீனும்

சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பராக்கு என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கக் காகிதங்களில் மட்டும் இருந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னல் கம்பியில் ஊரும் எறும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்திருக்கும். துணிக் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் மேசையில் நான்கு வருஷம் வேலை பார்த்தாள். ஒரு நாள் விளக்கு வெளிச்சத்தில் மிதந்த பஞ்சுத் தூசியையே பார்த்துக்கொண்டிருந்ததில், பொத்தான் இல்லாத சட்டைகள் ஒரு பெட்டி நிறையக் கப்பலேறிவிட்டன. அந்தக் கப்பல் கரை சேர்வதற்குள் அவள் வேலை போய்விட்டது.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், மாடிப்படிக்குக் கீழே இருந்த வண்ணமீன் கடையில் போய் நிற்க ஆரம்பித்தாள். கடைக்காரரிடம் கடல்மீன்களும் இருந்தன. அவற்றில் சில, உயிரோடு நீந்தும் இரையைத் தவிர வேறெதையும் தொடாதவை. அவற்றுக்காகப் பை பையாகக் கண்ணாடி இறால், அதாவது உடம்புக்குள் எல்லாம் தெரியும் சின்ன நன்னீர் இறால், வரவழைப்பார். வந்த மறுநாளே பாதி செத்து மிதக்கும்.

ஒரு வாரம் பார்த்துக்கொண்டே நின்றவள் எட்டாம் நாள் சொன்னாள்.

"அண்ணே, தண்ணிய நீங்க ஒரே அடியா மாத்துறீங்க. அதுக்குத் தலை சுத்துது. அப்புறம், தோலு உரிச்ச இறாலு ஒரு நாள் பூரா மெத்துனு இருக்கு. ஒளிய இடமில்லாததால மத்தது அதைத் தின்னுடுது."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை வருஷமா கடை வச்சிருக்கேன், இது என் கண்ணுல படலையே!" என்று சொல்லி, வளர்த்துக் கொடுத்தால் தானே வாங்கிக்கொள்வதாக ஒரு பை இறாலை அவள் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

அப்படித்தான் அவள் வீட்டுக் குளியலறைக்குள் தொட்டிகள் வந்தன. ஒன்று, இரண்டு என்று கடைசியில் ஐந்து. குளிக்கப் போகிறவர்கள் ஒற்றைக் காலில் நின்று குளிக்க வேண்டியதாயிற்று. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். குறுகலான இடத்தில் புழங்கிப் பழகியவர் என்பதால் பொறுத்துக்கொண்டார். அதே வீட்டில் இருந்த அவருடைய அக்காதான் விடவில்லை. தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் வேலை அவளுக்கு; பேச்சும் அப்படியே விழும்.

"ஏன்டி, மனுஷங்க குளிக்கிற எடமா இது, கடலா?"

பராக்கு சிரித்துக்கொள்வாள். காலையில் எல்லோரும் வேலைக்குப் போனதும் குட்டி முக்காலியில் உட்கார்ந்துவிடுவாள். காற்றுக்குழாய் குமிழி விடும் சத்தம் யாரோ தூரத்தில் முணுமுணுப்பதுபோல் கேட்கும். மேலேயுள்ள சின்ன ஜன்னல் வழியே வெயில் தொட்டியில் இறங்கி, சுவரெல்லாம் பச்சையாக அசையும். இறால்களின் உடம்புக்குள் தின்ற பாசி ஒரு நூல்போல நகர்வதுகூடத் தெரியும். கொஞ்ச நேரத்தில், தண்ணீர் எங்கே முடிகிறது, தான் எங்கே தொடங்குகிறோம் என்பது அவளுக்கு மறந்துபோகும். முட்டை சுமக்கும் தாய்களை மட்டும் பிரித்துச் சமையலறை ஜன்னலோரத்துப் பாட்டில்களில் விடுவாள். அவற்றை அவள் விற்பதில்லை.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாள் கடைக்காரர் அவளைப் பல் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார். டாக்டரின் காத்திருப்பு அறையில் பெரிய கடல்நீர்த் தொட்டி. அதற்குள் சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக ஒரு சிங்கமீன். வந்து பதினாறு நாளாகிறது, ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் தங்கள் வலியை மறந்து அதற்காகப் பரிதாபப்பட்டார்கள்.

"தங்கமீன் வாங்கிப் போட்டுடலாமான்னு பாக்குறேம்மா," என்றார் டாக்டர்.

"வேணாம் டாக்டர். தின்னும், ஆனா அதையே தின்னா ஈரல் கெட்டுப்போகும். நான் கொண்டாந்திருக்கிறத விட்டுப் பாப்போம். லைட்ட மட்டும் அணைச்சுடுங்க."

பத்து இறால்களை விட்டாள். தின்னும் மீனுக்குச் சத்துச் சேரட்டும் என்று முந்தின நாளே பாசித்தூளால் வயிறு நிரப்பியவை. மூன்று மணி நேரமாக, முடிச்சுப் போட்ட குழாய் வழியே கடல்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கிக் கொண்டுவந்தவை. பிறகு நாற்காலியில் சாய்ந்து பார்க்கத் தொடங்கினாள். நோயாளிகள் வந்தார்கள், போனார்கள். தான் பாறையிடுக்கில் படுத்திருப்பதாகவும், தலைக்கு மேல் நெடுந்தூரத்தில் மழை பெய்வதாகவும் அவளுக்குத் தோன்றியது. அப்போது மீன் அசைந்தது. விசிறி விரிவதுபோல் துடுப்புகளை விரித்தது. ஓர் இறாலை மெல்ல மூலைக்கு ஒதுக்கியது. கண் இமைக்கும் நேரம். இறால் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

"சாப்பிட்டுடுச்சு!" என்று வாயில் பஞ்சோடு ஒருவர் குழறினார். அறையே சிரித்தது. பராக்கும் சிரித்தாள். ஆனாலும் அந்த வெறும் தண்ணீரை விட்டு அவள் கண் எடுக்க நெடுநேரமாயிற்று.

அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் போனாள். இரண்டாம் வாரம் டாக்டரிடம், மீனைச் செத்த இரைக்குப் பழக்கப்போவதாகச் சொன்னாள். அதைக் கேட்டுக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பொழைக்கத் தெரியாதவளா இருக்கியேம்மா! அது பழகிட்டா உன் இறாலை யாரு வாங்குவா?"

"நான் ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா, அது பட்டினி கிடக்கணுமாண்ணே?"

மெல்லிய ஒளிபுகும் குச்சி நுனியில் செத்த இறாலைச் செருகி ஆட்டினாள். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயிருள்ளதை விட்டால்தான் வாய் திறந்தது. ஒரு வாரம் இப்படியே இழுத்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை குளியலறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஐந்து தொட்டியிலும் இறால்கள் வெளுத்துப்போய் அடியில் கிடந்தன. காற்றில் பூச்சிமருந்து நெடி.

பின்னால் வந்த நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, ஒரே ஒரு கரப்பானுக்குத்தான்டி அடிச்சேன்... இதுங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதே."

பராக்கு வாளியை எடுத்து வந்தாள். வாளியில் ஒவ்வொன்றாக அள்ளினாள். ஏதாவது திட்டியிருந்தால் நாத்தனாருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதைப் பார்க்கத் தாங்காமல் அவள் தபால் நிலையத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, "நானும் உன்கூட வரேன்," என்று செருப்பை மாட்டினாள்.

மருந்துபட்டவற்றை மீனுக்குக் கொடுக்க முடியாது. பாட்டிலில் இருந்த தாய்களைத் தொட மனம் வரவில்லை. சந்தையில் பச்சை இறால் வாங்கி, சிறு துண்டாக நறுக்கிக்கொண்டு இருவரும் டாக்டரிடம் போனார்கள். இன்று இதைத் தின்றால்தான் உண்டு.

முதல் முறை மீன் விலகிப்போனது. இரண்டாம் முறையும்தான்.

"குச்சிய ஏன்டி இப்படிக் கண்டபடி ஆட்டுற? இறாலு இப்படியா போகும்?" என்றாள் நாத்தனார்.

பராக்கு கையை நிறுத்தினாள். கண்ணை மூடினாள். முக்காலியில் உட்கார்ந்து பார்த்த காலைகளெல்லாம் வந்தன. இறால் இரண்டு அடி தத்தும், நிற்கும், மீசையால் துழாவும், பயந்தால் வாலைச் சுண்டிப் பின்பக்கமாகத் தெறிக்கும். கை தானாக அப்படியே போயிற்று. தத்தல், நிற்றல், ஒரு சுண்டல்.

சிங்கமீன் விசிறியை விரித்தது. குச்சி நுனி லேசாக அதிர்ந்தது. துண்டைக் காணவில்லை.

"என்னடி இது, மாயமா போச்சு!" என்று நாத்தனார் கண்ணாடியில் மூக்கு அமுங்க ஒட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போகலாம் என்று பராக்கு இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

தொட்டிகளைப் பல முறை கழுவி, பழையபடி இறால்கள் நிறைய நான்கு மாதமாயிற்று. கடைக்காரர் பயந்தபடி டாக்டர் இறால் வாங்குவதை நிறுத்திவிட்டார். டாக்டர் நீட்டும் குச்சியிலிருந்தே மீன் இப்போது துண்டு வாங்கித் தின்கிறது. ஆனால் பல் பிடுங்க வந்தவர்கள் வழியாகச் செய்தி பரவியது. எந்த வீட்டில் எந்தக் கடல்மீன் பட்டினி கிடந்தாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் பாறைபோல் அசையாமல் கிடக்கும் ஒரு தவளைமீன். அதன் சொந்தக்காரர் வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"எத்தனை நாள்ல சரியாகும்மா?"

"அது இன்னும் தெரியலீங்க," என்றாள் அவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "மொதல்ல அது எதைப் பாக்குதுன்னு பாக்கணும்."