மைனியும் சிறுபயறும்

மைனிக்கு மார்பில் இருந்த கட்டியை அறுத்து எடுத்த பிறகு, நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வர எளிது என்று கொட்டாரத்தில் எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினாள். அவள் புருஷன், என் அண்ணன், மஸ்கட்டில் வேலையில் இருந்தான். கீமோ மருந்து ஏற்றத் தொடங்கியதும் எந்த வாசமும் அவளுக்கு ஆகவில்லை. நான் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு அறைக்குள் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தோல் வறண்டு முழங்கையெல்லாம் செதில் செதிலாக உரிந்தது.

சோப்புக்குப் பதிலாகக் குளியல் பொடி பூசலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். வாசனை சேர்க்காததாகப் பார்த்து லேசாகப் பூசலாம், அழுத்தித் தேய்க்க வேண்டாம், எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றார்.

அன்றைக்கே கடைக்குப் போய்க் கை கொள்ளாமல் வாங்கினேன். சிறுபயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ். எல்லாவற்றையும் அவள் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனேன். பூலாங்கிழங்குப் பொட்டலத்தைப் பிரித்ததுமே எழுந்து குளியலறைக்கு ஓடினாள். கடைசியில் மிஞ்சியது சிறுபயறு மட்டும்தான்.

"இது போதும் மக்கா. கல்யாணப் பொண்ணுக்கா அரைக்கப் போற?" என்றாள்.

ஐந்து கிலோ பயறை மொத்தமாக அரைத்து டப்பாவில் அடைத்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் கழித்துத் திறந்தால் மாவு கட்டிகட்டியாகி, நடுவில் வண்டு ஊர்ந்தது. அடுக்களையில் நின்று அழுதேன். அதுவரை சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்த மைனி, சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். டப்பாவை வாங்கி மாவை விரலால் நுணுக்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் அவள்.

"ஈரத்தோட அரைச்சு மூடி வச்சா, பின்ன என்ன ஆகும்? கழுவினத முதல்ல காய வச்சியா?"

கடிந்துதான் பேசினாள். ஆனால் வாரக்கணக்கில் நான் கேட்காமல் போயிருந்த குரல் அது.

மறுநாளிலிருந்து சரக்கு முழுவதும் அவள் பொறுப்பு. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வெயில் இருக்கிறதா என்று பார்ப்பாள். வெயில் இருந்தால் நான் மொட்டைமாடியில் பயறைப் பரப்ப வேண்டும். காய்ந்ததை வறட்டுச் சட்டியில் லேசாகச் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு, ஒரு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் அரைக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டில் ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டினாள். கரும்பலகையில் எழுதிப் பழகிய குண்டு எழுத்து. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி உருக்கெண்ணெய் எடுக்கும்போது அடுப்புப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். அந்த வாசம் மட்டும் அவளுக்குப் பிடித்தது. அடியில் பொன்னிறமாகத் தங்கும் கசடில் சீனி தூவி இருவரும் தின்றோம்.

அப்படி எண்ணெய் காய்ச்சிய ஒரு மத்தியானம், அதுவரை யாருக்கும் காட்டாத தலையிலிருந்து துணியைத் தானே அவிழ்த்தாள்.

"கொஞ்சம் தேய்ச்சு விடுதியா?"

வெதுவெதுப்பான எண்ணெயைத் தொட்டு வைத்தேன். என் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னத் தலை.

சித்திரையில் சிகிச்சை முடிந்தது. தலையில் சுருள் சுருளாக முடி வந்தது. பள்ளிக்கூடம் திறக்குமுன் மணவாளக்குறிச்சிக்கு, தன் வீட்டுக்குப் போனாள். பாட்டில்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, காலியான அறையைப் பெருக்கும்போது எனக்குத் துக்கமாக இருந்தது. ஒருத்தி நோயில் கிடந்த நாட்களையா நினைத்து ஏங்குகிறோம் என்று என்மேலேயே கோபம் வந்தது. கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்று ஜெபித்தேன்.

அந்த ஏக்கத்தை மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் பயறு காயவைத்துக்கொண்டிருந்தபோது மைனி போன் செய்தாள். பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன்.

"எனக்கும் அந்த அடுக்களை ஞாபகம் வரும் மக்கா," என்றாள். "நோவு போகட்டும். மத்ததெல்லாம் நல்லாத்தான இருந்துது."

பிறகு, வரும் சனிக்கிழமை வருவதாகவும் தேங்காய் வாங்கி வைக்கும்படியும் சொன்னாள்.