அய்யாக்கண்ணு மண்டோர் சொன்ன சாட்சி

அய்யாக்கண்ணு மண்டோர் போய்விட்டார். மூவாரில் நான் சவரம் செய்துகொள்ளும் கடைக்கு ரெங்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் இதைப் போகிறபோக்கில் சொன்னார். "நம்ம மண்டோரு தவறிட்டாரு ஐயா. நெஞ்சுச் சளியாம். காரியமெல்லாம் முடிஞ்சிருச்சு." பாதி முகத்தில் சோப்போடு எழுந்து நின்றுவிட்டேன். எனக்குச் சொல்லியனுப்ப அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் தப்பும் இல்லை.

அவர் மண்டோராக நின்று வேலை வாங்கிய கேங்கில் தண்டவாளம் தூக்கியவர்களே, அவரைப் பற்றி உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப்போகிறேன்? வாயைத் திறந்தால் வசவு. ஆளைத் திட்டுவார், மழையைத் திட்டுவார், கோணிக்கொண்ட தண்டவாளத்தைக்கூட "உன்னை எவன்டா வார்த்தான்" என்று திட்டுவார். ஆனால் ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டங்களுக்குள் ஓடிய அந்தக் கம்பெனி ரயில் பாதையில், ஒருவன் காலில் முள் குத்தினால்கூட முதலில் உட்கார்ந்து பிடுங்கிவிட்டவர் அவர்தான்.

நான் தொழிலாளர் விசாரணைகளில் துரைமாருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் கிராணி. அந்த வேலையில்தான் அவரைச் சந்தித்தேன். அவர் கேங்கில் இருந்த மாரிமுத்துவின் வழக்கு. தண்டவாளம் நழுவி அவனுடைய வலது கையை நசுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கை இருந்தது, பிடி இல்லை. கித்தா விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கை போனவன் என்று தெரிந்தால் அவனும் பெண்டாட்டி பிள்ளைகளும் மறுநாளே குடியிருக்கும் லயத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மண்டோர் ஒரு வழி செய்தார். ஒரு தண்டவாளத்துக்கு எட்டுத் தோள் கணக்கு. மாரிமுத்துவை எட்டாவது ஆளாக நிறுத்தினார். அவன் இரும்புக்குக் கீழே தோளைக் கொடுத்து நடப்பான். பாரமெல்லாம் மற்ற ஏழு பேர் மேல். அன்றாட வேலைக் கணக்கு எழுதும் செக்ரோலில் அவனுக்கும் முழு வேலை என்று பேர் விழும். ஏழு பேரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இப்படி மூன்று மாதம் ஓடியது. பிறகு புதிதாக வந்த இன்ஜினியர், மாரிமுத்து சுத்தியலைத் தொடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டார். வேலையில் சோம்பல் என்று எழுதி, வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

சோம்பல் இல்லை, வேலையில் கை போனதுதான் காரணம் என்று மாரிமுத்து மனு போட்டான். மத்தியஸ்தம் செய்ய ஒரு துரை வந்து உட்கார்ந்தார். கம்பெனிக்காரர்கள் அதிகம் பேசவே இல்லை. செக்ரோலை விரித்து வைத்தார்கள். அடிபட்டதற்குப் பிறகு மூன்று மாதம் முழு வேலை செய்தவனுக்குக் கையில் என்ன கோளாறு என்று கேட்டார்கள். அட கடவுளே, அவனைக் காப்பாற்றப் போட்ட பேரே அவன் கழுத்துக்கு வந்து நின்றது.

மத்தியானம் குழாயடியில் மண்டோர் என்னைப் பிடித்துக்கொண்டார். "கிராணி ஐயா, தூக்கினான்னு சொன்னா சோம்பேறிங்கிறாங்க. தூக்கலன்னு சொன்னா நான் பொய்யாப் பேர் போட்டதா ஆவுது. எதைச் சொன்னா இவன் பொழைப்பான்?" நான் யோசனை சொல்லக் கூடாது, மொழிபெயர்க்க மட்டும்தான் எனக்குச் சம்பளம். ஆனாலும் பெரிய மேதாவி மாதிரி, "உள்ளதைச் சொல்லுங்க மண்டோரே, துரை நல்லவர்" என்றேன். துரை நல்லவர்தான். அதுதான் இன்னும் ஆறவில்லை.

மண்டோர் உள்ளதைச் சொன்னார். "மூன்று மாதம் பொய்யாகப் பேர் போட்டாயா?" என்று துரை கேட்டார். நான் தமிழில் சொன்னேன். மண்டோர் நிமிர்ந்து நின்று, "பொய் இல்லீங்க தொரை. எட்டு பேரு வேலை நடந்துச்சு. ஏழு பேரு செஞ்சோம்" என்றார். அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் நான் இங்கிலீஷில் சொன்னேன். துரை குனிந்து எழுதிக்கொண்டார். கம்பெனிக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முடிந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தீர்ப்பைத் துரை மெதுவாகத்தான் வாசித்தார். காயத்தை மறைத்து ஏமாற்றியதில் மாரிமுத்துவுக்கும் பங்கு உண்டு, நீக்கியது செல்லும், மண்டோருக்கும் இனி அந்தப் பதவி இல்லை. மாரிமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னங்க ஐயா சொல்றாரு?" என்றான். அவனிடம் அதைச் சொல்ல வேண்டியவனும் நான்தான். சொன்னேன். வேறென்ன செய்ய முடியும்? அந்த மாதமே அவனையும் குடும்பத்தையும் கப்பலேற்றிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் வேறொரு விசாரணைக்கு ரெங்கம் போனபோது மண்டோரைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர், சாதாரண ஆளாகத் தண்டவாளம் தூக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. பக்கத்தில் இருந்த இளவட்டம் ஒருவன் அவர் பாரத்தையும் தன் தோளுக்கு இழுத்துக்கொள்ளப் பார்த்தான். "தள்ளுடா! எம் பங்கு எனக்கு. எழுதிப்புடுவானுங்க!" என்று கத்தினார். திட்டு மாதிரி இல்லை அது. பயந்துபோன குரல்.

வேலை முடிந்ததும் கிட்டே போய், "நான்தானே உங்களை உண்மையைச் சொல்லச் சொன்னேன்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லலன்னாலும் அதத்தான் சொல்லியிருப்பேன் ஐயா. அதுக்கில்ல. முன்னெல்லாம் ஒருத்தன் தள்ளாடினா ஏழு பேரும் ஓடியாருவாங்க. இப்ப வர்றவனையும் நானே வெரட்டுறேன், மத்தவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. நாந்தான் அப்படி நிக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அன்றைக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அதற்கு ஏதாவது சொல்லலாம் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டுவிட்டேன். இனி கேட்க அவர் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான். இரண்டு பாஷை தெரிந்தவன் நான். இரண்டிலும் அதற்கு ஒரு மறுமொழி கிடைக்கவில்லை.