பல் கட்டும் அறையில் பூத்த இதழ்

2005-ம் வருஷம். அப்போது கம்பத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு உரமும் மருந்தும் விற்கிற ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. யாருக்கும் வேண்டாத பழைய அலங்கார விளக்குகளைச் சேர்ப்பேன். சிப்பி ஒட்டிய கப்பல் விளக்கு, வயிற்றுக்குள் பல்பு எரியும் கிளி, கண் சிமிட்டும் ஆந்தை என்று பழைய இரும்புக் கடைகளில் கிடைப்பதை வாங்கிவந்து, துடைத்து, வயர் மாற்றி எரியவைப்பேன். "இது வீடா, பொருட்காட்சியா?" என்பாள் என் மனைவி.

இது தெரிந்துதான் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தன் தாமரை விளக்கைக் கொண்டுவந்தார். முழங்கை உயரம். தங்க முலாம் பூசிய தண்டு, அடியில் இரண்டு அன்னங்கள், மேலே ரோஸ் நிறத்தில் பன்னிரண்டு பிளாஸ்டிக் இதழ்கள். அவர் கணவர் முதன்முதலில் சவுதி போய்த் திரும்பியபோது வாங்கிவந்ததாம். எரிந்து பல வருஷம் ஆகியிருந்தது.

"பிள்ளைகளோட அத்தா மூணு வருசம் கழிச்சு வர்றாக தம்பி. வாசல்ல நுழையுறப்ப இது எரியணும். பத்து நாள் இருக்கு, முடியுமா?" என்றார்.

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா?" என்று பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாகப் படிந்திருந்தது. ஒன்றைக் கழற்றி, சோப்புத்தூள் கலந்த கொதிக்கிற வெந்நீரில் போட்டேன். வெளியே எடுத்தால், சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. நிமிர்த்தப் பார்த்தேன். இரண்டாக உடைந்தது.

கம்பத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் விடாமல் அலைந்தேன். அந்த நிறமும் இல்லை, அந்த வடிவமும் இல்லை. உடைந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டால் தெரியாது என்றுகூட யோசித்தேன்.

நான்காம் நாள், அப்பாவின் பல் செட்டை வாங்குவதற்காகத் தேனிக்குப் போனேன். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உட்கார்ந்து பல் செட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் செட்டை என் கையில் வைத்தபோது, என் கண் பல்லில் நிற்கவில்லை, ஈறில் நின்றது. அதே ரோஸ்!

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். பையிலிருந்த உடைந்த துண்டுகளையும் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "பல்லு கட்டுற எடத்துல பூக்கட்டச் சொல்றீகளே அண்ணே!" என்றார். ஆனால் துண்டைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல இதழ் ஒண்ணு கொண்டாங்க. பாப்போம்."

மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வாய்க்கு அளவெடுக்கிற மாவைக் குழைத்து இதழை அதில் பதித்து எடுத்தார். அந்த அச்சில் மெழுகை ஊற்றினார். ஓரம் எங்கே மெலிகிறது, எங்கே வளைகிறது என்று விரல் நுனியால் தடவிப் பார்த்து, மெழுகை இழை இழையாகச் சுரண்டினார். இருபது தடவையாவது ஒளியில் பிடித்திருப்பார். டாக்டருடைய வேலை முடிந்த பிறகுதான் இதைத் தொட முடியும் என்பதால், மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை இதற்கே கொடுத்திருக்கிறார்.

மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, அந்த மெழுகு இதழை வைத்து, ஈறு செய்கிற ரோஸ் பொடியில் வார்த்த இதழ் தயார். பழைய இதழுக்குப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்கே குழப்பம்.

"பிரமாதம்மா! இனிமே அந்த அக்காகிட்டச் சொல்லவே வேண்டாம்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "எங்கிட்ட வர்றவுகளும் வெளிய தெரியக்கூடாதுன்னுதான் கேப்பாக. அது அவுக வாயி, மறைச்சுக்கலாம். இது அடுத்தவுக பொருளு அண்ணே. சொல்லிட்டுக் குடுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அவர் இதழைப் பஞ்சில் பொதிந்துகொண்டே மெதுவாகத்தான் சொன்னார். கம்பம் வந்து சேரும்வரை பஸ்ஸில் எனக்கு அதே நினைப்பு.

விளக்கைக் கொண்டுபோய் அக்கா வீட்டுக் கூடத்தில் வைத்தேன். ஸ்விட்சைப் போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெந்நீர், உடைந்தது, பல் செட் எல்லாம். அவர் இதழ்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

"போடுங்க பாப்போம்" என்றார்.

விளக்கு எரிந்தது. பதினொரு இதழ்களும் வழவழவென்று பிளாஸ்டிக்காக ஒளிர, ஒன்றில் மட்டும் மெல்லிய சிவப்பு நரம்புகள் ஓடின. நிஜ ஈறு போலத் தெரிவதற்காகப் பல் கட்டும் பொடியில் சன்னமான சிவப்பு நூல்கள் கலந்திருக்குமாம். அது எனக்கு அதுவரை தெரியாது.

அக்கா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "ஏன் தம்பி, இது ஒண்ணுதான் நெசப் பூ மாதிரி இருக்கு!" என்று வாய்விட்டுச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதோடு விடவில்லை அவர். கணவர் ஊருக்கு வந்த மறுவாரமே அவரையும் அழைத்துக்கொண்டு, பேரீச்சம்பழப் பெட்டியோடு தேனிக்குக் கிளம்பிவிட்டார். வழிகாட்ட நானும் போனேன். அந்தச் சின்ன அறையில் அக்கா அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண்மணி என்னிடம் சொன்னார்: "பதினாலு வருசமா பல்லு கட்டுறேண்ணே. நான் நல்லாச் செஞ்சிருந்தா, அங்கன ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. நான் செஞ்சதைப் பாத்துட்டு ஒருத்தவுக தேடி வந்தது இதுதான் மொதத் தடவ."

ஒரு தவறை மறைத்தால் பொருளுக்குச் சொந்தக்காரரை மட்டும்தான் ஏமாற்றுகிறோம் என்று நினைத்திருந்தேன். அன்று நான் வாயை மூடியிருந்தால் அந்தக் கைகளுக்கு வரவேண்டிய பாராட்டையும் சேர்த்தல்லவா திருடியிருப்பேன் என்ற எண்ணம், இத்தனை வருஷம் கழித்தும் என்னைச் சுடுகிறது.